மல்லிகா தந்த பாதிச் சாவி

"அக்கா போயிட்டாங்க" என்று மல்லிகாவின் தங்கை தொலைபேசியில் அழுதபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "நீங்க யார் பேசுறீங்க?" பிறகு போபோடியில் இருக்கும் அவர்கள் வீட்டு எண்ணுக்கே அழைத்து உறுதி செய்துகொண்டேன். கல்நெஞ்சன் என்று திட்டாதீர்கள். மல்லிகாவோடு வேலை பார்த்திருந்தால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

போசரி தொழிற்பேட்டையின் ஆலை இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எந்தப் பேக்கேஜும், அதாவது யாரோ எழுதிவைத்த நிரல் தொகுப்பும், அவரைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். எழுதியவர் யார், எத்தனை பேர் பராமரிக்கிறார்கள், பிழை சொன்னால் திருத்துகிறார்களா என்று, பெண் கொடுக்கப்போகும் வீட்டை விசாரிப்பதுபோல் விசாரிப்பார். "சும்மா கொடுக்கிறாங்கன்னா, ஏன் கொடுக்கிறாங்கன்னு கேட்க வேணாமா?" என்பார். வடாபாவ் வண்டியில்கூட "பையா, தேல் கப் கா ஹை?" என்று எண்ணெயின் வயதைக் கேட்காமல் வாங்கமாட்டார். அவரோடு சாப்பிடப் போவதே பெரும்பாடு.

அவரே எழுதி இலவசமாக விட்ட ஒரு சிறு பேக்கேஜை, நமக்குப் பெயர் தெரியாத எத்தனையோ நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. யாராவது அதில் ஒரு வரி விஷம் கலந்தால் அத்தனை இடத்துக்கும் பரவும். நோய் முற்றியபோது அதன் பொறுப்பை எனக்கும், சக ஊழியர் வைஷாலிக்கும் சேர்த்துக் கொடுத்தார். இருவரும் சம்மதித்தால்தான் எதையும் மாற்றலாம்; ஆளுக்குப் பாதிச் சாவி மாதிரி. எனக்குச் சுருக்கென்றது. "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன்.

"உன்மேல இருக்கு. உன் இளகின மனசுமேல இல்ல."

அவர் இறந்த வாரமே முன்பின் தெரியாத ஒருவர் எழுதினார். மல்லிகா தமக்குத் தாய்போல என்றும், அவர் பணியைத் தொடர அனுமதி வேண்டும் என்றும். படித்து அழுதேன். உடனே சம்மதமும் கொடுத்துவிட்டேன்.

"தாம்ப்" என்றார் வைஷாலி. மராத்தியில், பொறு. தேடினோம். மல்லிகாவும் அந்த ஆளும் பேசிக்கொண்டதற்கு எங்கும் தடயமில்லை. அந்த நபரின் கணக்கே போன மாதம் தொடங்கியதுதான். "முதலில் ஒரு சின்னப் பிழையைத் திருத்தி அனுப்புங்கள், பார்க்கிறோம்" என்று வைஷாலி பதில் போட்டார். அதன்பின் அந்தத் தாய்ப்பாசம் வாயே திறக்கவில்லை.

இன்னும் சிலர் எழுதுகிறார்கள். நல்லவர்களும் இருக்கலாம், எல்லோரையும் சந்தேகிக்கிறேன், என்னையும் சேர்த்து. மல்லிகாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதிச் சாவி. முழுச் சாவியை இனி யார் நீட்டினாலும் வாங்கமாட்டேன்.