கயிற்றின் கடைசி ஆள்

என் தங்கை இறந்து ஆறேழு மாதங்களான பிறகு, அவளுடைய மகளுக்கு ஒரு விளையாட்டைத் தேடிப்பிடிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிள்ளைக்கு வயது பதினைந்து. தகப்பனுக்குக் கட்டாரில் வேலை. செத்தவீட்டுக்கு வந்தவர் லீவு முடியத் திரும்பிப் போனார். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் மூன்றாம் மாடி வீட்டில் நானும் அவளும் மிஞ்சினோம்.

பள்ளிக்கூடத்தால் வந்ததும் அறைக்குள் போவாள். கதவு சாத்தப்படும். உள்ளே மின்விசிறி சுழலும் சத்தம் கேட்கும். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள், கோப்பையைக் கழுவிவைத்துவிட்டுத் திரும்பப் போவாள். அழுததில்லை. நானும் அழவில்லை. மரணச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, சேமலாப நிதி என்று நான் ஒவ்வொரு கந்தோராக ஏறி இறங்கியதைப் பார்த்துச் சனம் என்னைத் தைரியசாலி என்றது. வரிசையில் நிற்பதற்குத் தைரியம் தேவையில்லை. கால் மரத்திருந்தால் இன்னும் வசதி.

மாசி மாதம் இரத்தப் பரிசோதனை செய்தோம். சீனி எல்லையில் நிற்கிறது, உடம்பு அசைய வேண்டும், ஏதாவது விளையாட்டில் சேர்த்துவிடுங்கள், சரிவராவிட்டால் குளிசை தொடங்குவோம் என்றார் டொக்டர். குளிசையை விட அந்தக் கதவுதான் எனக்குப் பயமாக இருந்தது. அது கிழமைக்குக் கிழமை கொஞ்சம் முன்னதாகவே சாத்தப்பட்டது. இப்படியே விட்டால் ஒருநாள் சாப்பாட்டுக்கும் திறக்காது.

அரச சேவையில் ஒரு கோவையை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்த்த என்னென்ன வழிகள் உண்டோ அத்தனையும் எனக்குத் தெரியும். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையைக் கட்டிலிலிருந்து எழுப்புவது பற்றி மட்டும் சுற்றுநிருபம் எதுவும் வந்ததில்லை. ஆகவே தெரிந்த முறையில் தொடங்கினேன். கொள்ளுப்பிட்டியில் நீச்சல் தடாகம் ஒன்றுக்கு விண்ணப்பம், மருத்துவச் சான்றிதழ், இரண்டு புகைப்படம். எல்லாம் ஒழுங்காக நடந்தது, நீச்சலைத் தவிர. நீச்சல் உடுப்புக்கு மேல் துவாயைப் போர்த்துக்கொண்டு ஆழமில்லாத பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். நேரம் முடிய ஏறி வந்தாள். பிறகு இரத்மலானையில் பட்மின்டன். பந்து விழுந்த இடத்துக்கு அவள் போய்ச் சேரும்போது அதை வேறொரு பிள்ளை பொறுக்கி முடித்திருந்தது. பள்ளிக்கூட வலைப்பந்து அணியில், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டும் வேலை கொடுத்தார்கள். அதை நன்றாகச் செய்தாளாம்.

"என்னால ஏலாது பெரியம்மா. விடுங்கோ," என்றாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை. நேரம் என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வதைப்போலச் சொன்னாள்.

பங்குனி நடுவில் ஒரு பின்னேரம் கீழ்வீட்டுப் பெண் வந்து கதவைத் தட்டினார். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கர், கலியாணம் முடித்து எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர். சித்திரைப் புதுவருடத்துக்கு ஒழுங்கைச் சிங்கள ஆட்கள் நடத்தும் அவுருது விளையாட்டில் பெண்களின் கயிறிழுத்தலுக்கு அவர்தான் தலைவி. கயிறுகூட அவருடைய அண்ணன் துறைமுகத்திலிருந்து எடுத்துக்கொடுத்ததுதான்.

"ஆன்ட்டி, கோவிக்காதீங்க. ஒங்க பிள்ளைய எனக்குத் தாங்க. கயித்துல கடைசியா நிக்கிறவ மாசமா இருக்கா. அந்த எடத்துக்கு எனக்கு நல்ல உடம்பு வேணும்."

நான் அவரை முறைத்தேன். உடம்பு என்ற சொல்லை நாங்கள் டொக்டரின் அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம். பின்னால் கதவு திறந்த சத்தம் கேட்டது. பிள்ளை வந்து நின்றாள்.

"ஓடணுமா?" என்று கேட்டாள்.

"ஓடுறதா? அசைஞ்சா தோத்துருவோம். ஒன் வேல நிக்கிறதுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். "ஆண்டு முடியேல்லையே, பெரியம்மா."

அது உண்மை. தாய் இறந்து ஆண்டுத் திவசம் முடியும்வரை கொண்டாட்டம் இல்லை. தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. அந்த விதியை வீட்டில் காத்துவந்தவள் நான்தான். மற்ற எல்லாம் குலைந்து கிடந்தபோது அது ஒன்றாவது நேராக நின்றது. ஒரு பிள்ளை முதன்முதலாக எதையோ கேட்கிறாள் என்பதை விட்டுவிட்டு, விதி என்ன சொல்கிறது என்று நான் யோசித்தேன். முடிவில் கந்தோர்த் தீர்ப்பு ஒன்று கொடுத்தேன். பயிற்சிக்குப் போகலாம், அது டொக்டர் சொன்ன தேகாப்பியாசம். அவுருது நாளில் இழுக்கக்கூடாது, அது கொண்டாட்டம். கீழ்வீட்டுப் பெண் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி, மொதல்ல அனுப்புங்க," என்றார்.

ரயில் தண்டவாளத்துக்கு அப்பால், மணலில் பயிற்சி. நான் ஒரு கல்லில் இருந்து பார்த்தேன். கயிற்றின் நுனியை அவளுடைய தோளுக்கு மேலாகச் சுற்றிவிட்டார்கள். பழைய பள்ளிச் சப்பாத்தின் குதியை மணலில் புதைத்து அவள் பின்னால் சாய்ந்தாள். எதிர்ப்பக்கம் ஒழுங்கைப் பையன்கள் இழுத்தார்கள். முன்னால் நின்ற பெண்கள் எல்லாம் அலைக்கழிந்தார்கள். அவள் அப்படியே நின்றாள்.

"இழுக்காத, நங்கி," என்று, தங்கச்சி என்பதைச் சிங்களத்தில் சொல்லித் தலைவி கத்தினார். "புடிச்சுக்கிட்டு நில்லு. அவனுங்க களைக்கட்டும்."

களைத்தார்கள். ஒருவன் மணலில் விழுந்து, இது பிள்ளையா லொறியா என்று சிங்களத்தில் கேட்டான். நான் எழும்பப் போனேன். அதற்குள் அவள் சிங்களத்திலேயே, லொறிதான், தள்ளி நில் அண்ணா என்று பதில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். எனக்கு என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை. கல் சூடாக இருந்தது. அதனால் எழும்பி நின்றேன்.

அவுருது விளையாட்டு நாளன்று காலையிலிருந்தே ஒலிபெருக்கி அலறியது. நான் பத்திரிகையின் ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்களின் கயிறிழுத்தல் என்று அறிவித்தபோது அவள் மேசைக்கு எதிரே வந்து இருந்தாள். உள்ளங்கை இரண்டிலும் துணி சுற்றியிருந்தது. காலில் சப்பாத்து.

"ஆர் சுத்தச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஒருத்தரும் இல்லை." துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "நீங்கள் ஓம் எண்டு சொல்லுறீங்களா, இல்லாட்டிப் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கப் போறீங்களா?" என்றாள்.

இரண்டாவது வழிதான் என்னுடைய சேவைக்காலம் முழுவதும் எனக்குக் கைகொடுத்தது. பத்திரிகையை மடித்தேன்.

"ஓம்," என்றேன். காரணம் எதுவும் சொல்லவில்லை.

அவள் படியிறங்கிய சத்தம் கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும். நான் பல்கனியில் நின்று பார்த்தேன். முதல் இழுப்பில் வென்றார்கள். அடுத்த இரண்டிலும் பக்கத்து ஒழுங்கைப் பெண்கள் வென்றார்கள். கடைசி இழுப்பில் முன்வரிசை சரிந்து விழுந்த பிறகும் அவள் கயிற்றை விடவில்லை. ரோட்டில் இருந்தபடியே கொஞ்சத் தூரம் இழுபட்டுப் போனாள். தலைவி ஓடிவந்து அவளுடைய கையிலிருந்து கயிற்றைக் கழற்றவேண்டியிருந்தது.

மேலே வந்தபோது கத்தியதில் குரல் அடைத்திருந்தது. பாவாடையில் தார்.

"தோத்திட்டம். வெள்ளிக்கிழமையும் பிரக்டிஸ் இருக்காம்."

"அவுருதுதான் முடிஞ்சுதே?"

"அது முடிஞ்சா என்ன?" என்று குளிக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வழக்கம்போலத் தகப்பன் கட்டாரிலிருந்து ஃபோன் எடுத்தார். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அக்கா, பிள்ளை அறைக்குள்ளையோ? ஃபோனை ஒருக்காக் குடுங்கோவன்."

"அவள் வீட்டில இல்லை," என்றேன்.

எங்கே போனாள் என்று கேட்டார். கடற்கரையில் கயிறு இழுக்கிறாள் என்றேன். ஆண்டு முடியவில்லையே, யார் விட்டது என்று கேட்டார். நான்தான் என்றேன். மனிதர் மூக்கை உறிஞ்சிவிட்டு, சரி அக்கா, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

வீடு அமைதியாக இருந்தது. ஆனாலும் ஏதோ சுழலும் சத்தம் கேட்டது. அறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. கட்டிலில் ஒருவரும் இல்லை. அவசரத்தில் மின்விசிறியை நிறுத்தாமல் போயிருந்தாள். உள்ளே போய் அதை நிறுத்தினேன்.