உப்புப் போட்ட ஐஸும் அக்காவின் ஊசியும்

சீசனுக்குக் குற்றாலம் கிளம்புகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். ஆனால் நேற்று நான் போனது அருவிக்கு இல்லை. அங்கே இருக்கும் என் அக்காவுக்கு ஓர் ஊசி மருந்து கொண்டுபோனேன். கீமோவுக்குப் பிறகு அவளுக்கு வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டன. நேற்றே ஊசி போட்டாக வேண்டியிருந்தது.

சென்னையில் என் வேலையே அந்த மருந்துதான். வெள்ளை அணுக்களைப் பெருக்கும் மனித மரபணுவை நகலெடுத்து, பாக்டீரியாவுக்குள் செருகி, மருந்தாகும் புரதத்தை அந்தப் பாக்டீரியாவையே செய்யவைப்பது. அந்த மருந்துக்குச் சூடும் ஆகாது, உறையவும் கூடாது. இது தெரிந்ததாலேயே ரயிலில் எனக்குத் தூக்கமில்லை.

தென்காசியில் காலை எட்டு மணிக்கு ஆட்டோ. குற்றாலம் ஆறு கிலோமீட்டர், முந்நூறு ரூபாய். சீசனில் பேரம் பேசி வாயை வலிக்கவைத்துக்கொள்ள வேண்டாம். வழியில் மேலகரத்தில் வண்டிகள் நின்றுவிட்டன. அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. மருந்து இருந்த ஐஸ் பெட்டியை ஆட்டோவில் விட்டுவிட்டு, வேறு வழி உண்டா என்று விசாரிக்க நடந்தேன். அரை மணி நேரம் ஆகிவிட்டது.

திரும்பினால் பெட்டி நிறைய ஐஸ்.

"உருகிப்போச்சு சார். ஜூஸ் கடையில ஐஸ் வாங்கி, கல் உப்பும் அள்ளிப் போட்டிருக்கேன். குல்பி வித்தப்ப இப்படித்தான், கல்லு மாதிரி நிக்கும்லா" என்றார் ஆட்டோ அண்ணாச்சி, பெருமையாக.

உப்பு சேர்ந்தால் ஐஸின் குளிர் இன்னும் இறங்கும். ஊசிக்குள் மருந்து வெள்ளையாக உறைந்திருந்தது. ஆய்வகத்தில் கெட்டால் கொட்டிவிட்டு மறுபடி வளர்ப்போம். இங்கே இருந்தது ஒன்றே ஒன்று.

இலஞ்சி வழியாகச் சுற்றி அக்கா வீடு சேர்வதற்குள் அது உருகித் தெளிந்து புதிதுபோல் ஆகிவிட்டது. அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

"நல்லாத்தான்லே இருக்கு. போட்டு விடு, எதுக்குப் பயப்படுத?" என்றாள் அக்கா.

"கெட்டிருந்தாலும் இப்படித்தான்க்கா இருக்கும்."

டாக்டரிடம் போனில் கேட்டேன். போடாதீர்கள், இங்கே கூட்டிவாருங்கள் என்றார். அதே ஆட்டோவில் தென்காசி ஆஸ்பத்திரி. திருநெல்வேலியிலிருந்து வேறு ஊசி வந்துசேர மாலையாகிவிட்டது. அதுவரை அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

மருந்து கொண்டுபோகிறவர்கள் ஐஸ் பை மருந்தில் படாமல் துணி சுற்றுங்கள். பெட்டியைக் கையைவிட்டு இறக்காதீர்கள். மேலகரம் அடைத்தால் இலஞ்சி வழி உண்டு. அணுக்கள் குறைந்தவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

ஊசி போட்டு வீடு திரும்பியாயிற்று, அணுக்கள் ஏற நாளாகும். அக்கா பக்கத்தில் தூங்குகிறாள். அவள் நெற்றி சுடுகிறதா, என் கைதான் சில்லிட்டிருக்கிறதா, தெரியவில்லை. தெர்மாமீட்டரை எடுக்கப் பயமாக இருக்கிறது. எடுக்கத்தான் போகிறேன்.