இருபத்திரண்டு கேள்விக்காரி

"தண்ணி கொடும்மா" என்று கேட்ட பிறகுதான் அம்சவேணி செருப்பைக் கழற்றுகிறார். டம்ளர் கைக்கு வந்ததும் உள்ளே போய்விடுவதில்லை. வாசற்படியிலேயே நின்று, தெருவில் போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி, கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார். காசநோய்க்காரர் இருக்கிற வீடு என்று தெரிந்தால் கூடப் பிறந்தவர்களே கை நனைக்க யோசிக்கிற காலம் இது. ஒரு நாளைக்குப் பதினான்கு வீடு என்றால் பதினான்கு டம்ளர். நடுவில் எங்கெங்கே ஒதுங்கலாம் என்று பிள்ளையார்பாளையம் முழுவதற்கும் அவர் மனத்தில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுவதற்காக இரண்டு மாதமாக விட்டு விட்டு அவரோடு சுற்றியதில் எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது.

வயது நாற்பத்திரண்டு. நெசவாளர் வீட்டுப் பெண். நெசவாளர் அல்லாத வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கணவர் அர்ஜுனன் பஸ் கண்டக்டர். "அவரு டிக்கெட்டு கிழிக்கிறாரு, நான் அட்டை எழுதறேன். ரெண்டு பேருக்கும் காலுதான் சம்பாதிக்குது" என்று சொல்லிச் சிரிப்பார். வெயிலோ மழையோ கறுப்புக் குடை விரிந்தேதான் இருக்கும். எதற்கு என்று கேட்டேன். தூரத்தில் வரும்போதே தெரிந்தால், ஒளித்து வைக்கிறவர்கள் ஒளித்து வைத்துக்கொள்ளட்டும் என்றார். திடீரென்று நுழைந்து மனிதரை வெட்கப்படுத்துவது அவருக்குப் பிடிக்காதாம்.

ஊரில் இப்போது ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. எட்டுத் தெருக்காரர்கள் பழைய வழக்கப்படி செவ்வாய்க்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நின்று, ஒரு வாரத்து மாத்திரையை வாங்கி வர வேண்டும். வேறு எட்டுத் தெருக்களில், தெருவுக்கு ஒரு வீட்டைப் பொறுக்கி அங்கேயே மாத்திரை டப்பாவை வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் தறியை விட்டு எழுந்து நாலு வீடு தள்ளிப் போய், அந்த வீட்டு அம்மாள் கண்ணெதிரே விழுங்கிவிட்டு வந்தால் முடிந்தது. 'மாத்திரை வீடு' என்று தெருவே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. ஒரு வருஷம் கழித்து, எந்த எட்டில் அதிகம் பேர் குணமானார்கள் என்று பார்த்து சர்க்காருக்கு எழுதுவார்கள். மாத்திரை வீடு ஜெயித்தால் ஜில்லா முழுக்க அதுவே வரும் என்று பேச்சு.

போய்ப் பார்த்து எழுதுகிற வேலை அம்சவேணியுடையது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒவ்வொரு நோயாளியிடமும் இருபத்திரண்டு கேள்விகள் கேட்டு, அவரவர் அட்டையில் எழுத வேண்டும். மிச்சமிருக்கிற மாத்திரைகளை எண்ண வேண்டும். நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். தறிக்குழியின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டு, நெய்கிறவர் நெய்துகொண்டிருக்கும்போதே கேட்பார். மாத்திரைகளை டப்பா மூடியில் கொட்டி, கை படாமல் கொண்டை ஊசியால் தள்ளித் தள்ளி எண்ணுவார். எதிரே உட்கார்ந்து கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகி விடுகிறார்களாம். "கை வேலையா இருந்தா வாயி நெசத்தைச் சொல்லிடுது சார்."

இந்த நிஜத்தை வாங்க அவர் கொஞ்சம் கஷ்டப்பட்டிருக்கிறார். ஆபீசில் அச்சடித்துக் கொடுத்த முதல் கேள்வி, 'தினமும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?' என்பது. எல்லாரும் ஆமாம் என்றார்கள். வீடு தேடி வந்தவளிடம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் டப்பாவில் மாதாமாதம் நாலைந்து மிச்சம். 'மறதி' என்று ஆபீசில் எழுதிக்கொண்டார்கள். அம்சவேணிக்கு அது ஒப்பவில்லை. நூறு இழையில் ஓர் இழை அறுந்தால் தூக்கத்திலும் கண்டுபிடிக்கிற ஜனங்களுக்கு மறதியாவது? கேள்வியைத் திருப்பிப் போட்டார்: 'இந்த மாசம் எந்தெந்த நாள் சாப்பிடல?' உடனே பதில் கொட்டியது. கிருத்திகை, சஷ்டி, இரண்டு பிரதோஷம், ஒரு சோமவாரம். "மாத்திரை முழுங்கினா வெரதம் போயிடாதாம்மா?" என்று ஒரு பெண்மணி இவரையே திருப்பிக் கேட்டிருக்கிறார். மறுநாள் அம்சவேணி பஞ்சாங்கத்தை எடுத்துப்போய், ஆராய்ச்சியை நடத்துகிற உமாபதியின் மேஜைமேல் அட்டைகளோடு பரப்பி வைத்தார். புள்ளிவிவரம் படித்த இளைஞர் உமாபதி. அன்றிலிருந்து அம்சவேணியைக் கேட்காமல் அவர் ஒரு கேள்வியும் அச்சடிப்பதில்லை.

அந்தப் பெண்மணிக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். சொல்லக்கூடாதாம்! கேட்கலாம், எண்ணலாம், எழுதலாம். புத்தி சொல்லவோ, ஞாபகப்படுத்தவோ, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவோ கூடாது. அப்படிச் செய்தவர் அன்றோடு ஆராய்ச்சியிலிருந்து விலக வேண்டும். அம்சவேணி புகுந்து ஆளைத் தேற்றிவிட்டால், தேறியது ஆஸ்பத்திரி வரிசையாலா அம்சவேணியாலா என்று எவனுக்குத் தெரியும்? நியாயம்தான். பத்து மாதமாக அந்த நியாயத்தை அவர் ஒரு நூல் பிசகாமல் காத்து வந்தார். மயில்வாகனம் வீட்டுக்குப் போகிறவரை எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மயில்வாகனம் பழைய முறைத் தெருக்காரர். முப்பத்துநாலு வயது. உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக வருகிற கோர்வைப் புடவைதான் நெய்வார். அதற்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். கரைப் பக்கம் அவர் மனைவி பூவம்மாள். அவர் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு பேர் வேலையும் நிற்கும். முதலில் ஐந்து மாதம் ஒழுங்காகப் போனார், இருமல் நின்றது. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒரு கல்யாணப் புடவை வந்ததும் செவ்வாய்க்கிழமைகள் நழுவ ஆரம்பித்தன. நான் முதல்முறை போனபோது, "இருமலே போயிடுச்சிக்கா, அப்பறம் எதுக்கு மாத்திரை?" என்றார். அம்சவேணி அதை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த முறை இருமல் திரும்பியிருந்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. வெளியே வந்ததும் தெருவிலேயே கேட்டுவிட்டேன். அடுத்த தெருவில் மாத்திரை வீடு இருக்கிறது, கூப்பிடு தூரம். பக்கத்தில் வைத்தியம் இருக்க, ஒரு மனிதன் இளைத்துப் போவதை எண்ணி எழுதிக்கொண்டிருப்பது என்ன வேலை? கல்நெஞ்சமா என்றுகூடக் கேட்டதாக ஞாபகம். அம்சவேணி குடையை விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார்.

"எனக்கும்தான் சார் சோறு எறங்கல. ஆனா இங்க நான் கை வெச்சேன்னா, அந்த எட்டுத் தெருவுலதான் நல்லா தேறறாங்கன்னு யாரு நம்புவாங்க? மாத்திரை வீடு இந்தத் தெருவுக்கு எப்பதான் வரும்?"

அவரைத் திட்டியதற்கு வெட்கமாக இருந்தது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. யார்மேல் பாய்வது என்று தெரியாமல் அது என்னிடமே தங்கிவிட்டது.

போன வியாழக்கிழமை மூன்றாவது முறை போனோம். தண்ணீர் வந்தது, குடித்தார். மயில்வாகனம் தறியில் இருந்தார். தோள்பட்டை எலும்பு சட்டையில்லாத உடம்பில் துருத்திக்கொண்டு நின்றது. கேள்விகள் வரிசையாகப் போயின. பத்தொன்பதாவது, இருமும்போது ரத்தம் வருகிறதா என்பது. இல்லை என்றார் மயில்வாகனம், நூல் ஓடத்தை இழைகளுக்கு நடுவே விட்டுக்கொண்டே. கரைப் பக்கம் உட்கார்ந்திருந்த பூவம்மாளின் கை நின்றது. அவர் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த துண்டை எடுத்துப் பிரித்துக் காட்டினார்.

அம்சவேணி 'உண்டு' என்று எழுதினார். இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று மிச்சக் கேள்விகளையும் குரல் மாறாமல் கேட்டு எழுதினார். மாத்திரை டப்பாவைத் திறந்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை; வாங்கி வந்தால்தானே. சுழி போட்டு அட்டையை மூடினார். அத்தோடு எழுந்து வெளியே வந்துவிட வேண்டியதுதான். அவர் எழுந்திருக்கவில்லை. தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"மயிலு, கேள்வி முடிஞ்சிபோச்சி. இனிமே நான் பேசறது ஆபீசு பேச்சு இல்ல. எழுந்து சட்டையைப் போடு."

"புடவை இன்னும் ரெண்டு முழம் இருக்குதுக்கா."

"கட்டிக்கப்போறவ காத்துக்கினு இருப்பா. இது காத்துக்கினு இருக்காது."

மயில்வாகனம் மனைவியைப் பார்த்தார். பூவம்மாள் அதற்குள் சட்டையோடு வந்துவிட்டார். ஒரு குதிரை வண்டியைப் பிடித்து, நாங்கள் நாலு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று செவ்வாய்க்கிழமை இல்லை என்று வாசலில் சொன்னவரிடம் அம்சவேணி என்ன சொன்னாரோ, உள்ளே விட்டுவிட்டார்கள். படுக்கை கிடைத்தது. சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறீர்கள், இனிமேல் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிட்டால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் சொன்னபோது பூவம்மாள் சுவரோடு சாய்ந்து அழுதார். அம்சவேணி அழவில்லை. அங்கேயும் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அது தாகத்துக்குக் குடித்தது.

சாயங்காலம் ஆபீசுக்குப் போய், நடந்ததை உமாபதியிடம் ஒன்று விடாமல் சொன்னார். உமாபதி நல்லவர். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அட்டையைப் பார்த்தார். இந்த அம்மாள் போய்விட்டால் எட்டும் எட்டும் பதினாறு தெருவில் யார் போய்க் கேட்டு யார் நிஜம் சொல்லப் போகிறார்கள் என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அட்டையைத் திருப்பி வைத்தார். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு வரச் செய்தவர் யார் என்று அதன் பின்பக்கத்தில் கேட்டிருந்தது. கீழே வரிசையாக அச்சடித்திருந்தார்கள்: குடும்பத்தார், அண்டை வீட்டார், மருத்துவமனை ஊழியர், தாமாகவே.

"தாமாகவேன்னு போட்டுடுங்கம்மா" என்று அந்த இடத்தில் விரலை வைத்தார். "மனுஷன் பொழைச்சாரு. நீங்களும் இருப்பீங்க. யாருக்கும் நஷ்டமில்ல."

என்னையும் ஒருமுறை பார்த்தார். நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று என் முகத்திலேயே தெரிந்திருக்கும். உண்மையில் அந்த நிமிஷம் அம்சவேணி சரி என்று சொல்லிவிட வேண்டுமே என்றுதான் நான் தவித்தேன்.

"அப்படி எழுதினா, பழைய முறையில ஒருத்தரு தானா வந்தாருன்னு ஆகிப்போவும் சார்" என்றார் அம்சவேணி. "இதுவே போதுமேன்னு நாளைக்கி யாராச்சும் சொல்லுவாங்க. தானா வராம வூட்லயே கெடக்கறவங்கள யாரு இட்டுக்கினு வருவாங்க?"

உமாபதி விரலை எடுக்கவில்லை. அம்சவேணி அந்த விரலை மெதுவாக ஒதுக்கினார், தூங்குகிற குழந்தையின் கையை ஒதுக்குகிறமாதிரி. அச்சடித்த நாலு வரிக்கும் கீழே வெற்றிடத்தில் தானே ஒரு கோடு இழுத்து, 'கேள்வி கேட்கப் போனவள்' என்று எழுதினார். பக்கத்தில் தம் பெயரை முழுசாகப் போட்டார். மை காயும்வரை குனிந்து ஊதிவிட்டு, அட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.