இரைச்சல் பெட்டியின் கதவு

என் மகளின் காது நரம்பு கெட்டுவிட்டது. மெல்லிய, கூர்மையான சத்தங்கள் ஏற்கெனவே கேட்பதில்லை. மற்றவையும் போய்க்கொண்டிருக்கின்றன.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறாள். ஏடு ஏடாக அடுக்கியிருக்கும் ஒரு கரும்பொடியைத் திரவத்தில் கலந்து, அல்ட்ராசவுண்ட் கம்பியை உள்ளே இறக்கி, ஏடுகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் வேலை. ஓர் ஏட்டின் கனம் சில அணுக்கள்தான். அதை மின்முனையில் பூசினால், தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க பிளாட்டினம் வேண்டியிராது என்று நம்புகிறார்கள்.

கம்பி அதிரும்போது வரும் கிறீச்சொலி பல்லைக் கூசவைக்கும். அதற்காகவே கம்பியை உள்ளே வைத்து மூடக் கதவு போட்ட பெட்டியும் காதுக் கவசமும் உண்டு. இவள் கதவைத் திறந்துவைத்து, கவசமில்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கம்பி மேலேறினால் திரவம் நுரைக்கும், ஏடுகள் சரியாகப் பிரியாது, சத்தம் மாறும். அதைக் கேட்டுத்தான் சரிசெய்வாளாம்.

எங்கள் ஊரான ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில், காதை அடைக்கிற வழக்கமில்லை. சுரங்கத்தில் பாறை வெடித்துச் சரிவதை ஏர்பிளாஸ்ட் என்பார்கள். அதற்கு முன் எங்கோ லேசாக முறியும் சத்தம் வரும். கேட்டவர்கள் ஓடித் தப்பினார்கள். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்த என் அப்பா, வீட்டிலும் யாரையும் காதில் பஞ்சு வைக்க விட்டதில்லை. சுரங்கம் மூடியபின் பிறந்த இவளும், மார்கழிக் குளிரில்கூட வைத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குக்கரைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன். விசில் அடித்துக்கொண்டே இருந்தது. ஓடி வந்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடி, காதுல இன்னா வச்சினு இருக்க?" என்று கத்தினேன்.

"ஒண்ணும் வக்கலயே. பஞ்சு வச்சா தாத்தா எழுந்து வந்துட மாட்டாரு?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குக்கரைப் பார்த்தாள். அதன் தலையில் ஆவி பீய்ச்சிக்கொண்டிருந்தது.

டாக்டர் மருந்து எழுதவில்லை. "அந்த ரூமுக்கு இனிமே போகாதம்மா" என்றார்.

"அப்ப தீசிஸ நீங்க எழுதறீங்களா சார்?" என்றாள் அவள்.

இப்போது கதவை மூடுகிறாள், கவசம் போடுகிறாள். போன வாரம் வந்தபோது, கடைசியாக ஓட்டிய பேட்ச்சின் சத்தத்தை போனில் பிடித்து வந்திருந்தாள்.

"ரெண்டு பேரும் கண்ண மூடிக்கலாம்மா. சத்தம் மாறுச்சுன்னா கைய தூக்கணும். எனக்கு இன்னும் கேக்குதான்னு பாக்கணும்."

கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். முதலில் ஒரே சீரான கிறீச்சொலி. நடுவில் அது கரகரவென்று பிசிறியது. கையைத் தூக்கினேன். கண்ணைத் திறந்தேன்.

அவள் கை மடியிலேயே இருந்தது. மூடிய கண்களைச் சுருக்கி, அவள் இன்னும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையை இறக்கிக்கொண்டேன்.

சத்தம் நின்ற பிறகு யாரோ எழுப்பியதுபோல் கண் திறந்தாள். என் கையைத்தான் முதலில் பார்த்தாள்.

"நீயும் தூக்கல இல்ல? நுரையே வரல பாரு. நல்ல பேட்ச்சும்மா. திங்கக்கெழம இத வச்சே அளவு எடுத்துடறேன்."

"எடு" என்றேன்.