வெயிலில் வைத்த பேட்டரி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டபோது, மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்கள். தினமும் பத்து நிமிஷம் உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்க வேண்டும். கால் முன்னைவிடத் தளர்ந்தால் அன்றைக்கே அழைத்து வர வேண்டும். முதலாவதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வாணியம்பாடியில் இருக்கும் என் தம்பி, மூடிப்போன ஒரு ஜிம்மிலிருந்து சைக்கிள் வாங்கி ஜீப்பில் ஏற்றி அனுப்பினான். அதற்குக் கரண்டே வேண்டாம். மிதிக்க மிதிக்க உள்ளே இருக்கும் பேட்டரி தானாகச் சார்ஜ் ஆகும். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று திரையில் எண் வரும். நாலு தூறல் விழுந்தாலே கரண்ட் போகிற எங்கள் மலைக்கு இதைவிட என்ன வேண்டும் என்று பூரித்துப்போனேன்.

அவருக்கு அந்த எண்தான் எல்லாம். முதல் மாதம் நாற்பத்தி நாலு, நாற்பத்தி ஆறு என்று ஏறியது. நான் நோட்டில் எழுதி வைப்பேன். நாற்பத்தி எட்டு வந்த அன்று, பெருங்காட்டைத் தனியாளாக உழுது முடித்தவர் போலச் சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள், பாதி மிதிக்கும்போதே திரையில் பேட்டரி படம் மின்னி மின்னி அணைந்தது. மறுநாளும் அப்படியே.

"பேட்டரி வீக்கா கீது," என்றார். "எண்ணு வராம இன்னாத்துக்கு மிதிக்கிறது?"

எங்கள் பக்கம் டார்ச் மங்கினால் செல்லைக் கழற்றி வெயிலில் வைப்போம். கொஞ்சம் உயிர் வந்து எரியும். நானும் பின்பக்க மூடியைத் திருகிக் கழற்றி, செங்கல் பாதி அளவிருந்த அந்தக் கறுப்புப் பேட்டரியை எடுத்துப்போய், சாமை காயவைக்கும் பாறைமேல் வைத்தேன். மதியம் திரும்ப மாட்டி, சரியாகிவிட்டதா என்று பார்க்க நானே ஏறி வேகமாக மிதித்தேன். திரை பளிச்சென்று எரிந்தது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். அதன்பிறகு தினமும் அதே வேலை. காலையில் பாறை, மதியம் நான், அப்புறம் அவர்.

எண் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. பேட்டரி மங்கினால் எண்ணும் மங்கத்தானே செய்யும் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்து, வந்ததை வந்தபடி எழுதிவைத்தேன். இத்தனைக்கும் நான் அங்கன்வாடியில் வேலை பார்ப்பவள். ஒரு பிள்ளையின் எடை அரைக்கிலோ குறைந்தாலும் தாயைக் கூப்பிட்டு, கண் எங்கே இருக்கிறது உனக்கு என்று கேட்கிறவள்.

மூன்றாவது வாரம் பேட்டரி உப்பிவிட்டது. ஒடுகத்தூருக்குப் பஸ் ஏறினேன். பேட்டரிக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கியதுமே, "இத்த போய் வெயில்ல வச்சீங்களாக்கா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, புதிதாக ஒன்று கொடுத்தார். மாட்டினேன். புதுசுதானே என்று பாறைக்கும் கொண்டுபோகவில்லை, நானும் ஏறி மிதிக்கவில்லை. நாலே நாளில் அதுவும் அணைந்தது.

கடைக்காரருக்குக் கோபமாகப் போன் போட்டேன்.

"நீங்க மிதிச்சா எரியுதாக்கா?" என்று கேட்டார்.

"நல்லா எரியுது."

"அப்ப மிஷின்ல ஒண்ணும் இல்ல. நாப்பது சுத்துக்கு மேல போனாத்தான் அதுல சார்ஜ் ஏறும். அதுக்குக் கீழ போனா இருக்கறதும் காலியாவும். அவரு எவ்ளோ போறாரு?"

நோட்டை எடுத்துப் படித்துக் காட்டினேன். முப்பத்தி ஒன்பது. முப்பத்தி நாலு. முப்பது. இருபத்தி ஆறு. என் குரல் எனக்கே கேட்டது. இருபத்தி ஒன்று வந்ததும் நோட்டை மூடினேன்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கே ஜீப் பிடித்துக் கீழே இறங்கினோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் மறுபடி சின்னச் சின்ன அடைப்புகளாம். டாக்டர் என் நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். எண் இறங்க ஆரம்பித்த பக்கத்தில் விரலை வைத்தார். "இந்த வாரமே வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வார்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, காலில் வலு குறைந்தது உங்களுக்கே தெரியவில்லையா என்று கேட்டேன்.

"தெரியும்," என்றார். "மொத நாளே தெரியும். நீ தெனம் அத்தத் தூக்கிக்கினு பாறைக்குப் போவ. போம்போது உன் மூஞ்சி தெளிவா இருக்கும். அத்தக் கெடுக்க மனசு வரல."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, அவர்மேல். இப்போது தினமும் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கித்தான் கட்டிலில் உட்கார வைக்கிறேன். தூக்கும்போதெல்லாம் அந்தக் கோபம் வருகிறது.