சங்கீதம் வாசித்த குரல்

பல வருடங்களாக இதை எழுதத் தயங்கினேன். லோத்குண்டாவில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த இலவச மென்பொருள் ஒன்று, பார்வை போன என் கணவருக்கு வேதாகமத்தைத் தமிழில் வாசித்துக் காட்டும். சங்கீதப் புத்தகத்தில் எந்த அதிகாரம் என்று அவரே தேர்ந்தெடுப்பார். அந்தக் கம்ப்யூட்டர் எரிந்துபோய்ப் புதியது வாங்கியபோது குரல் வரவில்லை.

"நக்கோம்மா, வேணாம் விடு. பைத்தான்னு ஒரு கம்ப்யூட்டர் மொழி. அதோட பழைய வெர்ஷன்ல எழுதின குரல் இது. மென்பொருள்காரங்க அந்த வெர்ஷனை நிறுத்திட்டாங்க," என்றான் மகன்.

"கெஞ்சிக் கேளேன்டா."

கேட்டான். சம்பளமில்லாமல் செய்கிறோம், பழையதையும் பார்க்க ஆளில்லை, மன்னியுங்கள் என்று பதில் வந்தது. ஜெபித்தேன். கர்த்தர் வழி திறக்கவில்லை.

இப்போது நான்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கிறேன். "ஏங்க, எந்த அதிகாரம்?" என்றால், "ஏதோ ஒண்ணு வாசி" என்கிறார்.

யார் மேலும் குற்றமில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. பிறருக்குச் சொல்கிறவர்கள் இதை இப்படியே சொல்லுங்கள். அந்த மென்பொருளைச் செய்கிற பிள்ளைகள்மேல் பழி சேர்த்துவிடாதீர்கள்.