எதிர்வீட்டுக் கேமரா

கேமரா மாட்டுகிற கனகராஜுக்கு ஒரே பெருமைதான். அவர் மாட்டினால் தெரு மொத்தமும் தெரியும். தி. நகர் துணிக்கடைகளில் தொழில் பழகியவர். அங்கே ஒரு மூலை விட்டுப்போனாலும் முதலாளி சும்மா விடமாட்டார். அதே பழக்கத்தை மனுஷர் வீடுகளுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

போன மாதம், அடையாறில் என் வீட்டு மாடியில் குடியிருக்கும் ரிவ்காவுக்குக் கேமரா தேவைப்பட்டது. கல்லூரியில் பாடம் நடத்த வந்த யூதப் பெண்மணி. வாசலில் வைத்த பார்சல் இரண்டு முறை காணாமல் போயிருந்தது. கனகராஜ் மாட்டி முடித்து, "பாருங்க மேடம், எதிர் பிளாட்டு அடுப்படி வரைக்கும் தெரியுது" என்றார். ரிவ்கா பதறிப்போய், உடனே திருப்பச் சொன்னார்.

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான்தான் தமிழில் சொன்னேன். அவர்கள் மதச் சட்டத்தில், அடுத்தவர் வீட்டுக்குள் பார்ப்பதே நஷ்டம் உண்டாக்குவதாம். எதையும் எடுக்க வேண்டாம், தொட வேண்டாம், பார்வையே போதும். பொது முற்றத்தில் ஒருவர் ஜன்னலுக்கு நேராக இன்னொருவர் ஜன்னல் வைக்கக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே விதி இருந்ததாம். "யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால் சொந்த வீட்டிலேயே பயந்து பயந்துதானே நடமாடுவார்கள்?" என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஜன்னலுக்கு நேரே ஜன்னல் இல்லாத வீடு இந்த ஊரில் எங்கே இருக்கிறது?

கனகராஜும் விடவில்லை. "மேடத்துக்கு நம்ம வேலை தெரியல சார்" என்று செல்போனை எடுத்தார். அவர் மாட்டிய வீடுகளின் படமெல்லாம் சர்வீஸுக்காக அவர் போனிலும் ஓடும். மேற்கு மாம்பலத்தில் அம்பி என்கிற பேங்க் பென்ஷன்காரர் வீட்டு இரண்டாம் மாடிக் கேமராதான் அவருடைய சாம்பிள். முன்பு எனக்கும் அதைத்தான் காட்டினார். எதிர்வீட்டுக் கொடியில் காயும் நைட்டியின் பூக்கள்கூடத் தெரிகிறதே என்று மெச்சித்தான் நானும் என் வாசலில் மாட்டச் சொன்னேன்.

அன்று மதியம் அதே எதிர்வீட்டு பால்கனி. ஈரத்தலையோடு ஒரு பெண் கைப்பிடிச் சுவரை ஒட்டிக் குந்தி உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். சுவர் தன்னை மறைக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ. ரிவ்கா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கனகராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்... இது எம் பொண்டாட்டி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொந்த வீட்டில் ஒரு பெண் திருடி மாதிரி ஒளிந்துகொண்டு தலை துவட்டுகிறாள். கட்டிய புருஷனே அதை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறார்! வழக்கமாகக் காலையில் அரை நிமிஷம் காட்டிவிட்டு மூடிவிடுகிறவர். அந்த நேரத்தில் அவள் அங்கே வந்து அவர் பார்த்ததே இல்லையாம்.

மற்றதை அவரே பிறகு சொன்னார். நேரே அம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். "நீதானேப்பா உங்காத்துக்கும் சேர்த்துக் காவலா இருக்கும்னு அந்தப் பக்கம் வச்சே?" என்றாராம் அம்பி. உண்மைதான். கேமராவைக் கீழே வாசல் பக்கம் திருப்பினார். போனில் இருந்த எல்லா வீடுகளையும் அழித்தார். அப்புறம்தான் தன் வீட்டுக்குள் போனார்.

"இனிமே கேமராவுல நம்ம வீடு தெரியாது, தங்கபுஷ்பம்."

"அன்னைக்கே சொன்னேம்லா, அது நம்ம பக்கமே பாக்குதுன்னு? ஓசியில காவல்னு சிரிச்சீங்க. ஒருநா, இன்னைக்கு ஏன் லேட்டா குளிச்சேன்னு எதிர்வீட்டம்மா என்னையவே கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் அங்க நின்னு தலை துவட்டுனதே இல்ல." பிறகு அவளே கேட்டாள். "வேற யாரு பாத்தாங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லையாம். "ஒரு முப்பது பேருக்கு நானே காட்டியிருப்பேன்."

தங்கபுஷ்பம் அழவில்லை, திட்டவுமில்லை. "பேரைச் சொல்லுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எதிர்ல வந்தா நான் ஒதுங்கிப் போவணும்லா."

அவர் சொன்ன முதல் பெயர் என்னுடையது.